ஜிலேபிக் கெண்டை

சந்தையில் 'ஜிலேபி' என்று கூவி விற்கப்படும் மீனை அறியாதார் நம்மில் இலர். 'ஜிலேபிக் கெண்டை' என்று அதற்குக் குலப்பெயரும் சூட்டிவிட்டோம். உண்மையில் அது கெண்டையே அன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளுக்குரிய திலாப்பியா. 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தோரின் நோக்கத்தைப் பழிக்க இயலாது. உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. ஏழையின் தட்டில் சிறிது புரதம் சேரட்டும் என்றே எண்ணினார்கள்.

அதே பத்தாண்டில்தான் மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ், தாமிரபரணியில் வாழும் சிறு கெண்டையொன்றை இனங்கண்டு, அந்த ஆற்றின் பெயரையே அதற்கு அறிவியல் பெயராக இட்டார். ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல்போன்ற இழைகள் நீண்டிருக்கும். பொதிகையில் பிறக்கும் அந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. இன்று அது அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் ஒன்று. திலாப்பியாவோ அதே ஆற்றில் குடியேறிவிட்டது.

திலாப்பியா சில மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டில் பலமுறை முட்டையிடும். ஆண் மீன் அடிமணலைக் குடைந்து குழி பறிக்கும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகளையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். நெஞ்சை நெகிழ்விக்கும் தாய்மைதான். ஆயினும் பசித்த வேளையில் அந்த வாய் பிற மீன்களின் முட்டைகளை விட்டுவைப்பதில்லை. பாறைப் பாசியை நம்பி வாழும் நம் சிறுமீன்களின் பங்கும் குறைகிறது. தேங்கிய நீரே அதற்கு உகந்தது. அணை கட்டியும் மணல் அள்ளியும் அதற்கு இல்லம் அமைத்துக் கொடுத்தவர் நாமே. ஆற்றின் நலிவு முழுவதையும் ஒரு மீனின் தலையில் சுமத்துவது நீதியன்று.

ஏழைக்கு என்ன கிடைத்தது? குளங்களில் அளவின்றிப் பெருகியதால் மீன்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்தன. இருப்பினும் எளியவர் பலரின் குழம்பில் கொதிப்பது அதுவே. அதை உண்ணாதீர் என்று பீடத்திலிருந்து சொல்ல எனக்கு நா எழாது. ஆற்றில் பிடித்து உண்பது நன்றே; மேலும் மேலும் கொண்டுபோய் விடுவதுதான் தகாதது.

"மீன் என்றால் மீன்தானே, எது பெருகினால் என்ன?" என்று கேட்போர் உண்டு. புனித தோமா அக்குவினாஸ் இதைச் சிந்தித்திருக்கிறார். இறைவனின் நன்மைத்தனத்தை எந்த ஒரு படைப்பாலும் தனித்து எடுத்துக்காட்ட இயலாது. ஆதலால்தான் படைப்புகள் பலவாயின என்பது அவர் வாதம். அப்படியானால், எத்தனை கூடை திலாப்பியா நிறைந்தாலும் அந்த நூலிழைத் துடுப்புக் கெண்டையின் இடம் வெற்றிடமே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், மறைந்துபோகும் உயிரினங்களுக்காக வருந்தியதும் இந்தப் பொருளில்தான்.

இப்பொழுது இன்னொரு மீனின் முறை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. ஆயினும் ஆங்காங்கே குழி வெட்டி, கோழிக் கழிவைக் கொட்டி வளர்க்கிறார்கள். அது காற்றை நேரே சுவாசிக்க வல்லது. ஈரத்தரையில் ஊர்ந்தும் செல்லும். ஐப்பசி மழையில் அந்தக் குழிகள் நிரம்பி வழியும்போது, நீர் வாய்க்காலில் இறங்கி ஆற்றைச் சேர்கிறது.