லுவார் நதிக்கரையிலே

புனே நகருக்குச் சைக்கிள் நகரம் என்றொரு பெயர் இருந்தது. இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். காலையில் சங்கு ஊதுமுன் தொழிற்சாலையை நோக்கிச் சாரிசாரியாகச் சைக்கிள்கள் செல்லும். நாங்கள் மணமாகி இந்நகரில் குடியேறிய 1984-ஆம் ஆண்டில் முதலில் வாங்கியது ஓர் எண்ணெய் ஸ்டவ். அடுத்து வாங்கியவை இரண்டு சைக்கிள்கள். எங்களுள் மனைவியானவர் பள்ளி ஆசிரியை. பதினான்கு ஆண்டுகள் சைக்கிளிலேயே பள்ளிக்குப் போய் வந்தார்.

1998-இல் ஒரு மாலை, பின்னால் வந்த மோட்டார் வண்டி ஒன்று ஹாரனை ஓங்கி அடித்தபடியே அவரை இடித்துத் தள்ளிவிட்டுச் சென்றது. மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஹாரன் ஒலித்தால் உடல் நடுங்கும் வழக்கம் போகவில்லை. அவருடைய சைக்கிள் பரணுக்கு ஏறிற்று. துணையின்றிச் செல்ல விருப்பமில்லாததால் சில மாதங்களில் மற்றதும் உடன் ஏறிற்று.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், பாரிஸில் பணி புரியும் எங்கள் மகளைக் காணச் சென்றிருந்தோம். அவளுக்கு விடுமுறை கிட்டவில்லை. "நான்கு நாள் லுவார் நதிக்கரையில் சைக்கிளில் போய் வாருங்கள், அம்மா, அந்தப் பாதையில் மோட்டார் வராது" என்றாள். அறுபதைக் கடந்த எங்களை இப்படி அனுப்பலாமா என்று அவள் கணமும் யோசித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் வண்டிகளும் விடுதிகளும் ஏற்பாடாகிவிட்டன.

லுவார், பிரான்சு தேசத்தின் நதிகளுள் மிக நீண்டது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் கரைகளை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள் வழி ஒன்றை வகுத்திருக்கிறார்கள். ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதைகள், வயல்களுக்குச் செல்லும் வண்டித் தடங்கள், பழைய வெள்ளத்தடுப்புக் கரைகள் ஆகியவற்றைச் சங்கிலிபோல் கோத்து அமைத்த வழி அது. இடையிடையே சிற்றூர்ச் சாலைகளும் வரும். அங்கே மோட்டார்களும் வரும். இந்த இரண்டாம் செய்தியை மகள் எங்களுக்குச் சொல்லாமல் விட்டாள்.

நாங்கள் தேர்ந்தது தூர் நகரிலிருந்து சோமூர் வரையிலான பகுதி. நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். இளைஞர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்; நாங்கள் நான்கு நாள் வைத்துக்கொண்டோம். ஆறு போகும் திசையில்தானே செல்கிறோம், எளிதாக இருக்கும் என்று எண்ணினோம். அங்கே பெரும்பாலும் மேல்காற்றே வீசுகிறது. அதாவது எங்களுக்கு எதிர்க்காற்று! போக விரும்பும் அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

முதல் நாள் தூர் நகரை விட்டு வெளியேறும் வரை மனைவியார் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். மற்றவரும் ஏறாமல் உடன் நடந்தார். வீடுகள் குறைந்து, ஷேர் என்னும் துணை நதியின் ஓரமாய்ப் பாதை திரும்பியதும் ஒரு மரத்தடியில் நின்றோம். முன்னும் பின்னும் பார்த்தோம். ஆற்று நீரில் நாரை ஒன்று நின்றது, வேறு அசைவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெடலில் கால் வைத்தது அங்கேதான். வண்டி சற்றுத் தள்ளாடிற்று, பிறகு நேரானது. உடலுக்கு மறதி இல்லை போலும்.

அந்த அமைதியைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சக்கரம் மண்ணில் உருளும் ஓசை நமக்கே கேட்கிறது. இருவர் இணையாய்ச் சென்று, குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிகிறது. மோட்டாரில் அமர்ந்தவன் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. சைக்கிளில் வருபவரை எல்லோரும் வாழ்த்துகிறார்கள். தோட்டத்தில் குனிந்து வேலை செய்த முதியவர் நிமிர்ந்து "போன்ழூர்" என்றார். நாய் உலாத்த வந்த மாது சொன்னார். எதிரே வந்த குடும்பம் ஒன்று, கடைக்குட்டி உட்பட, வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே சென்றது. அந்தக் குழந்தைக்கு ஆறு வயதிருக்கலாம். தனிச் சைக்கிளில் வந்தது. நம் ஊரில் அந்த வயதுக் குழந்தையைச் சைக்கிளோடு தெருவில் விடத் துணிவோமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

உணவைப் பற்றி ஒரு சொல். சிற்றூர்களில் நண்பகல் முதல் இரண்டு மணி வரை கடைகள் மூடிக்கிடக்கும். ரொட்டிக் கடைக்கு வார விடுமுறையும் உண்டு. ஆகவே காலையிலேயே நீண்ட ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வட்டாரத்துச் சீஸ் உருளை வடிவில், நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியதாய் இருக்கும். எங்கள் கைவசம் இருந்த தக்காளித் தொக்குக்கு அது நன்றாகவே இணங்கிற்று. தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாயை நாடுவது அங்குச் சைக்கிள் யாத்திரிகர்களின் வழக்கம். முதல் நாள் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் ஒப்பியது. குடிக்கத் தகாத நீர் என்ற பலகை மட்டும் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வில்லாந்திரி மாளிகையின் தோட்டத்தில் முட்டைக்கோசையும் கத்தரியையும் கோலம் போட்டதுபோல் நட்டிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் கூட்டம் மிகுதி. அதை விரைவில் விட்டு லுவாரின் தென்கரைமேல் ஏறினோம்.

அக்கரையைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எங்களுள் ஒருவர் கொள்ளிடத்துக் கரையில் பிறந்தவர். ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மண்சுவர் என்றால் என்னவென்று அறிந்தவர். லுவாருக்குக் கரை எடுக்கும் வேலை பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பின்வந்த அரசர்கள் அதை உயர்த்தினார்கள், நீட்டினார்கள். ஆறு அடங்கவில்லை. 1846, 1856, 1866 என இருபது ஆண்டுகளில் மூன்று பெருவெள்ளங்கள். 1856-இல் லா ஷாப்பெல் என்ற ஊரருகே வடகரை உடைந்து ஊரையே அழித்தது. வெள்ளம் எட்டிய உயரத்தைக் கோடிட்டு, ஆண்டையும் பொறித்த கற்களைக் கரையோர வீடுகளின் சுவர்களில் காணலாம். அத்தகைய கோடு ஒன்றின் அருகே நின்று பார்த்தோம். எங்கள் தலைக்கு மேலே இருந்தது. செப்டம்பரில் ஆறோ மணல் திட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று ஓடைகளாய்ச் சாதுவாய்ப் போய்க்கொண்டிருந்தது.

கரை தந்த ஊர்களில் ப்ரேமோன் ஒன்று. முன்னாளில் சணல் பயிருக்கும் படகுத் துறைக்கும் பெயர் பெற்றது. 1846-இல் ஓர்லேயானிலிருந்து தூருக்கு ரயில் வந்தபின் நதிப் படகுத் தொழில் நலிந்தது, துறைகள் உறங்கிப்போயின. இன்று கடைக்காரருக்குக் கோடையில் ஓரளவு வாணிபம் தருபவர்கள் எங்களைப் போன்ற சைக்கிள்காரர்கள்தாம். இந்நதிக்கரை முழுதும் பழமையே என்று நினைத்துவிட வேண்டாம். ஷினோன் அருகே ஆற்றோரத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 1963-இல் மின்சாரம் தரத் தொடங்கிப் பத்தாண்டு கழித்து ஓய்ந்தது. வேறு உலைகள் இப்போது இயங்குகின்றன.

மூன்றாம் நாள் காலை, ஷினோனை நோக்கிச் செல்லும் வழியில், பாதை ஒரு குறுகிய சாலையில் சேர்ந்தது. இருபுறமும் திராட்சைத் தோட்டம், ஒதுங்க இடமில்லை. எங்களுள் முன்னே சென்றவர் மனைவியார். பின்னே சென்றவர் காதில் லாரி வரும் ஓசை விழுந்தது. சொல்லலாமா, சொன்னால் பதறுவாரோ என்று தயங்குவதற்குள் அவரும் கேட்டுவிட்டார். அவருடைய தோள்கள் இறுகியதைப் பின்னால் வந்தவர் கண்டார்.

லாரி நெருங்கிற்று, வேகத்தைக் குறைத்தது, எங்கள் பின்னாலேயே, எங்கள் வேகத்திலேயே வந்தது. ஹாரன் இதோ ஒலிக்கும், இதோ ஒலிக்கும் என்று ஒவ்வொரு கணமும் எதிர்பார்த்தோம். அரைக் கிலோமீட்டர் இருக்கும், ஒலிக்கவேயில்லை. சாலை அகன்ற இடத்தில் லாரி மறு ஓரம் வரை விலகி எங்களைக் கடந்தது. ஓட்டுநர் கையை உயர்த்திவிட்டுப் போனார். ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் மோட்டார் ஒன்றரை மீட்டராவது விலகிச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம் எனப் பின்னர் மகள் சொன்னாள். சட்டம் எங்கும்தான் இருக்கிறது!

மனைவியார் இறங்கித் தோட்டத்தோரக் கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "அவன் ஹாரனே அடிக்கவில்லை, பார்த்தீர்களா?" என்றார். வெகுநேரம் அங்கேயே இருந்தோம். பிறகு அவரே முதலில் எழுந்தார்.

அன்று மாலை காந்த் என்னும் ஊரில் தங்கினோம். வியென் நதி லுவாரோடு கலக்கும் இடம். நம் பவானியைப் போல ஒரு கூடுதுறை. ஏழைக்குத் தம் மேலாடையில் பாதியை வெட்டிக் கொடுத்த மார்ட்டின் முனிவர் 397-இல் இங்கேதான் மறைந்தார். அவர் உடல் யாருக்கு என்று இரண்டு ஊரார் வழக்காட, ஒரு சாரார் உறங்கியபோது தூர் நகரத்தார் சன்னல் வழியே உடலை இறக்கிப் படகேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆறாம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆற்றை எதிர்த்துச் சென்ற அந்தப் படகுக்கு மேல்காற்று உதவியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.

நான்காம் நாள் வெண்கல் குன்றுகளைக் குடைந்த வீடுகளையும், அக்குகைகளில் காளான் வளர்ப்பதையும் பார்த்துக்கொண்டே சோமூர் சேர்ந்தோம். வண்டிகளைத் திருப்பிக் கொடுக்கையில் மனைவியார் தம் வண்டியின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். நான்கு நாளில் அதை அடிக்க நேரவேயில்லை.

புனே திரும்பியதும் பரணிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். டயர்கள் பொடிந்துவிட்டிருந்தன, சட்டங்கள் உறுதியாகவே இருந்தன. கடைக்காரர் தலையை அசைத்துவிட்டு ஒரு வாரத்தில் சீர் செய்து தந்தார். இப்போது காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். அரச மரங்கள் நிற்கும் சாலையில் இரண்டு சுற்று வருகிறோம். ஆறு மணிக்கு முதல் பஸ் வரும். அதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.