தடாகமும் தள்ளுவண்டியும்

நியூயார்க் மாநகரில், மன்ஹாட்டனின் தென்பகுதியில், இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தில், இரு சதுரத் தடாகங்களைக் காணலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஏக்கர்; நாற்புறமும் நீர் ஓயாது உட்புறமாய் வீழ்கின்றது. விளிம்பின் வெண்கலப் பலகைகளில், 1993, 2001 ஆம் ஆண்டுத் தாக்குதல்களில் மாண்ட 2,983 பேரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, தீயணைப்புப் படையினரின் ஆன்ம குருவாயிருந்த பிரான்சிஸ்கன் துறவி மைக்கேல் ஜட்ஜ் அடிகளாருடையது. 2001 செப்டம்பர் 11 அன்று அன்னாரின் உடலை அருகிலிருந்த புனித பேதுரு ஆலயத்திற்குச் சுமந்து சென்று, பலிபீடத்தின் முன் கிடத்தினர். இறந்தோர் பட்டியலில் முதல் எண் அவருக்கே.

மாண்டவரின் பிறந்தநாளன்று அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைப்பது அங்கு வழக்கம். சற்று அப்பால், தெருமுனையில், ஹாட் டாக் விற்கும் தள்ளுவண்டி! பிளந்த ரொட்டியில் சுடச்சுடச் சாசேஜை இட்டு, மஞ்சள் கடுகுச் சாந்தை நெளிநெளியாய் வார்த்துத் தருகின்றனர். (சுவையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.) துயரத்தின் வாசலில் தின்பண்டமா என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அன்று காலை 8.46 மணிக்கு முதல் விமானம் மோதுமுன், அம்மக்களுள் பலர் இத்தகைய வண்டிகளில் காப்பி வாங்கிக்கொண்டுதானே மேலே சென்றிருப்பர்!