வேர்க்குதா, வியர்க்கிறதா?

ஏப்ரல் மாத மதுரையில், மாட்டுத்தாவணியில் நிற்கிற பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். வண்டி கிளம்புகிற வரை எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "என்னா வேர்வை!", "வேர்த்துக் கொட்டுதுப்பா!" யாரும் "வியர்க்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பேனாவை எடுத்தால்தான் கதை மாறுகிறது. முதலாமாண்டு தம்பி ஒருவன், கொத்தனாரான தன் அப்பாவைப் பற்றி ஒரு போட்டிக்குக் கவிதை எழுதினான். 'வேர்வை' வந்த இடத்தையெல்லாம் நடுவர் சிவப்பு மையில் சுழித்து, 'கொச்சை' என்று எழுதியிருந்தார். "எங்க வீட்ல பேசுற தமிழே தப்பாண்ணே?" என்று கேட்டான்.

தப்பே இல்லை தம்பி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'வியர்வை', 'வேர்வை' இரண்டுமே இருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் வள்ளுவரே நமக்குத் துணை நிற்கிறார். காலமறிதல் அதிகாரத்தின் 487ஆம் குறளில் 'வேர்த்தல்' என்ற வினை இரண்டு முறை வருகிறது. அங்கே அதற்குக் கோபம் என்று பொருள். பகைவர் தீங்கு செய்தால் அறிவுள்ளவர்கள் அப்போதே வெளியே வேர்க்க மாட்டார்களாம். நேரம் வரும்வரை உள்ளுக்குள்ளேயே வேர்த்துக்கொண்டிருப்பார்களாம். 1328ஆம் குறளில் காதலில் நெற்றி 'வெயர்க்கிறது'. ஆக, கோபம் வந்தாலும் வேர்க்கும், காதல் வந்தாலும் வேர்க்கும்!

நம்ம பாடத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. தோல்மேல் 1 லிட்டர் வேர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். தெர்மோடைனமிக்ஸில் படித்த அதே உள்ளுறை வெப்பம்தான். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வேர்வை ஆவியாகாமல் வழியும். நாம் 'புழுக்கம்' என்கிறோம். காய்ந்த வெயிலிலோ தண்ணீர் பறந்துபோய் உப்பு மட்டும் மிஞ்சும். சாயங்காலம் கட்டட வேலை முடித்து வருகிறவர்களின் சட்டை முதுகில் தெரிகிற வெள்ளைக் கோடு அதுதான். அந்தத் தம்பியின் செமஸ்டர் ஃபீஸும் அந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது.

'வியர்வை'யும் நல்ல தமிழ்தான், பரீட்சையில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒருத்தன் தன் அப்பாவைப் பற்றி எழுதும்போது, அப்பா வீட்டுக்கு வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்கிற சொல்லைத்தானே எழுதுவான்? அதை அடிப்பதற்கு முன்னால், சிவப்புப் பேனா வைத்திருப்பவர்கள் ஒருதரம் அகராதியைப் புரட்டிவிடலாம்.