இரண்டு இடத்தில் அடைத்திருந்தால்?

என் வாப்பா முசலிப் பக்கத்து மனிதர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவர். நான் அதற்குப் பிறகு ஆலங்குடாவில், அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் பிறந்தேன். முகாம்கள் போய் இப்போது கல்வீடுகள் வந்துவிட்டன. வாப்பா மட்டும் அன்று செய்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கிறார்: பிறருடைய வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம், நீங்களும் தினமும் அதன் பொருளைத் தொடுகிறவர்கள்தான். கொழும்பில் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். இந்த நேர்முகத்தில் சான்றிதழை யாரும் புரட்டுவதில்லை. ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் அதற்கான நிரலை எழுத வேண்டும். எழுதும்போதே மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு எழுத வரும்; சொல்லத்தான் வராது. முகாமில் வளர்ந்த பிள்ளைகளான நாங்கள் வரிசையில் பேசாமல் நிற்கப் பழகியவர்கள். கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பாணும் பருப்பும் பிந்திக் கிடைக்கும் என்று எப்படியோ எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது.

அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை போனது. எங்கள் முற்றத்தில் நின்றால் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக வளர்ந்து, நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் நிலையம் அது. அதன் காலடியில் நான் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு கொப்பியில் நிரல் எழுதினேன். நோன்பு தொடங்கியதும் ஸஹருக்குப் பிறகான நேரம் படிப்புக்கு வாய்த்தது. சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பேசிப் பழகினேன். உம்மா பயந்துபோய் ஓதி ஊதிவிட்டார்.

ஒருநாள் வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுவருக்குச் சொல்றத எனக்குச் சொல்லு மகன். எனக்காவது காது ஈக்குது."

நான் அன்று படித்துக்கொண்டிருந்தது பாதி பாதியாகத் தேடும் முறை. ஒழுங்காக அடுக்கிய பட்டியலில் ஒன்றைத் தேட, நடுவைப் பார். தேடுவது அதைவிடப் பெரிதென்றால் கீழ்ப்பாதியை விடு, சிறிதென்றால் மேற்பாதியை விடு. பத்து இலட்சம் பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க இருபது முறை பார்த்தால் போதும். தோட்டத்துக் குழாயை வைத்து வாப்பாவுக்குச் சொன்னேன். பதினாறு குழாய்கள் பூட்டியிருக்கின்றன. கடைசியில் தண்ணீர் வரவில்லை. நடு மூட்டைக் கழற்று. அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். நாலு தரம் கழற்றினால் அடைத்த குழாய் அகப்பட்டுவிடும்.

வாப்பா சிரித்தார். "இத நாங்க எப்பவோ செய்றோமே. சரி, ரெண்டு இடத்துல அடச்சிருந்தா?"

எனக்கு எரிச்சல். "அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க வாப்பா" என்றேன்.

இந்தச் சின்ன முறைக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1946இலேயே இதைப் பற்றிப் பேசிவிட்டார்கள். ஆனால் எந்த அளவுப் பட்டியலுக்கும் பிழையின்றி ஓடும் வடிவம் அச்சில் வர 1960 ஆகியது. ஜாவா மொழியோடு வந்த நிரலில்கூட, இரு முனைகளையும் கூட்டி நடுவைக் காணும் வரியில், கூட்டுத்தொகை கணினியின் எண்ணுக்குள் அடங்காமல் வழிந்துபோகும் ஒரு பிழை சுமார் ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2006இல் அதை வெளியில் சொன்னவர் ஜோஷுவா பிளாக். அந்த நிரலை எழுதியவரும் அவர்தான். 'அல்கோரிதம்' என்ற சொல்லுக்குத் தம் பெயரைக் கொடுத்த பக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மியின் காலத்திலிருந்து, படிகளைச் சரியாகச் சொல்வது ஒன்றும் இலேசான காரியமாக இருந்ததில்லை.

தராவீஹ் தொழுகை முடிந்த ஓர் இரவில், புத்தளம் டவுனில் இன்வேர்ட்டர் வைத்திருந்த நண்பன் வீட்டிலிருந்து நேர்முகத்தில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயின. மூன்றாவதில் வந்த கேள்வி: ஒழுங்காக அடுக்கிய பட்டியல், அதில் ஓர் எண் முதன்முதலில் எங்கே வருகிறது? நான் படித்த அதே கணக்கு என்று உள்ளம் துள்ளியது. ஒரு வார்த்தை கேட்காமல் மடமடவென்று எழுதினேன். எண் கிடைத்தவுடன் நின்றுவிடுகிற நிரல் அது. அந்த எண் பட்டியலில் ஐந்து தரம் வந்தால், ஐந்தில் எதில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் அதிகாரி மிருதுவாக, "ஒரே எண் திரும்பவும் வரலாமா என்று என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். திருத்தி எழுதி முடிக்கும் முன் நேரம் முடிந்தது. அடுத்த வாரம் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது.

வாப்பா இரண்டு இடத்து அடைப்பு என்று கேட்டதும் இதைத்தான். குழாயில் முதல் அடைப்பைக் கண்டு எடுத்தாலும், கடைசியில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் அவர் தோட்டத்தைவிட்டு வரமாட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து மண்வெட்டி பிடித்த மனிதருக்கு வேலை கற்றுத்தந்த கேள்வியை, பட்டம் பெற்ற நான் எரிச்சலோடு தள்ளிவிட்டேன். விஷயத்தைச் சொன்னபோது அவர் குத்திக்காட்டவில்லை. "நீ வராம போயிட்டா உம்மா தனிச்சிருவா எண்டு நான் துஆவுல கொஞ்சம் குறச்சித்தான் கேட்டன்" என்றார். அன்று அவருக்கு முன்னால் அழுதேன்.

இப்போதும் கொழும்பில்தான் வேலை. ஊருக்கு வரும் விடுமுறைகளில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் சிலர் எங்கள் முற்றத்துக்கு வருகிறார்கள். ஒரு கணக்கைச் சொல்வேன். பேனையைத் தொடும் முன் மூன்று கேள்விகளாவது என்னிடம் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாள் யாருமே வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் குழாய்க் கதையைச் சொல்லி, வாப்பாவின் கேள்வியையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாகக் கை உயர்த்தினாள்.

"சேர், கிணத்துலயே தண்ணி இல்லாட்டி?"

திண்ணையில் இருந்த வாப்பா எழுந்தே வந்துவிட்டார். "அதத்தான் மகள் முதல்ல பாக்கணும்" என்றார்.