பொருந்திய மீன்

நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்குவோர் கண்ணுக்குக் கொல்லிமலை ஒரு நீல மதிலெனத் தோன்றும். விடியற்காலையில் அதன் முடியை முகில் மூடியிருக்கும். வெயில் ஏறஏற முகில் விலக, காடும் பாறையும் மெல்லப் புலனாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த அம்மலையின் மேலே ஊர்களும் வயல்களும் உண்டு. ஆறும் அதன் கரையில் ஒரு பழங்கோயிலும் உண்டு. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளன்று சமவெளி மக்கள் குடும்பம் குடும்பமாக மலையேறிச் சென்று, ஆற்றில் நீராடி, பெரியகோவிலூரில் எழுந்தருளியிருக்கும் அறப்பளீசுரரை வழிபட்டு மீள்வர். தந்தை சென்ற வழியில் மகனும், மகன் சென்ற வழியில் பேரனும் செல்வது அந்நாட்டு வழக்கம்.

சேந்தமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர் தம் மனைவியுடனும் இரு புதல்வருடனும் வாழ்ந்து வந்தார். ஆண்டு தவறாமல் அவர் தம் மக்களை ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் அழைத்துச் செல்வார். மக்கள் வளர்ந்தனர். மூத்தவர் பொருள் தேடக் கடல் கடந்து துபாய் நகருக்குச் சென்றார். அங்கேயே மனைவி மக்களுடன் குடியிருந்தார். இளையவர் ஊரிலேயே தங்கி, நிலத்தை உழுது, பெற்றோரைப் பேணினார். மூத்தவர் அனுப்பிய பொருளால் வீடு ஓட்டு வீடு என்னும் நிலை மாறி மாடி வீடாயிற்று. இளையவரின் உழைப்பால் வீட்டில் நெல் குறையாதிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் மதித்தே வாழ்ந்தனர்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று உலகெங்கும் பரவியது. நாடுகளுக்கிடையே ஓடிய வழக்கமான வானூர்திகள் நின்றன. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் முதியவர் நோயுற்று இறந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் வர வழியில்லை. தந்தையின் இறுதிச் சடங்கை அவர் கையடக்கத் தொலைபேசியின் சிறு திரையில் கண்டு, தனி அறையில் அமர்ந்து அழுதார். அண்ணன் செய்ய வேண்டிய கடனைத் தம்பியே செய்து முடித்தார்.

அது யார் குற்றமும் அன்று. ஆயினும், 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் முதல் வானூர்திகள் முன்போல் ஓடத் தொடங்கிய பின்னும் மூத்தவர் வரவில்லை. விடுப்புக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று முதலில் அஞ்சினார். பின்னர், தந்தையில்லாத வீட்டில் எவ்வாறு காலெடுத்து வைப்பது என்று நாணினார். நாணத்தை அவர் வெளியிட்டுச் சொல்லவில்லை; அதனால் தம்பி அதனை அறியவில்லை. "வழி அடைபட்டிருந்தபோது வாராமை குற்றமன்று, வழி திறந்த பின்னும் வாராமை என்ன நீதி?" என்று தம்பி தம் அன்னையிடம் ஒருநாள் கேட்டார். அன்று முதல் அவர் அண்ணனுடன் பேசுவதை விட்டார்.

அன்னை இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. 2023ஆம் ஆண்டு கோடையில் மூத்த மகனுக்கு ஒரு செய்தி மட்டும் சொன்னார்: "ஆடிப் பதினெட்டுக்கு மலைக்குப் போக வேண்டும், அப்பா. என் கால்கள் இன்னும் ஓர் ஆண்டு தாங்குமோ, தாங்காவோ! நீ வந்து அழைத்துப் போ."

அவர் வந்தார். பன்னிரண்டு வயது மகனுக்கும் எட்டு வயது மகளுக்கும் பள்ளியில் வேனில் விடுமுறை. திருச்சிராப்பள்ளியில் வானூர்தியை விட்டு இறங்கிய அவர்களை ஊருக்கு அழைத்துவரத் தம்பி வண்டி அனுப்பியிருந்தார், தாம் செல்லவில்லை. வீட்டு வாயிலில் அண்ணியாரை வரவேற்றார், குழந்தைகளை வாரியெடுத்தார், அண்ணனை நோக்கித் தலையசைத்துவிட்டு மாட்டுத் தொழுவத்திற்குச் சென்றுவிட்டார்.

ஆகஸ்டு 3ஆம் நாள், ஆடிப் பதினெட்டு. விடியுமுன் எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, குடும்பத்தார் அனைவரும் புறப்பட்டனர். வாடகை வண்டி பேசலாம் என்றார் மூத்தவர். "உன் தந்தை பேருந்தில்தான் அழைத்துச் செல்வார்" என்று அன்னை சொல்லவே, அவ்வாறே பேருந்தில் ஏறினர்.

அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கியது. அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை நிற்கும். சிறுவன் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டே வந்தான். வளைவுதோறும் சமவெளி கீழே இறங்கியது. ஏரிகள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின.

"அப்பாயி, பாதை இல்லாத காலத்தில் எப்படி ஏறினீர்கள்?" என்று சிறுமி கேட்டாள்.

"நடந்துதான், கண்ணு. எனக்கு உன் வயது இருக்கும். என் தந்தையின் தோளில் பாதி வழி, என் காலில் பாதி வழி. ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் ஒரு குடிசையில் ஒதுங்கினோம். அவர்கள் எங்களுக்கு யாரோ. நாங்கள் அவர்களுக்கு யாரோ. சாமைச் சோறு ஆக்கிப் போட்டு, படுக்கப் பாயும் கொடுத்தார்கள். விடிந்ததும் பெயரைக்கூடக் கேட்காமல் வழிகாட்டி அனுப்பினார்கள்."

அம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்பது பெயர். பெயர் ஒன்றாயினும் கேரள நாட்டு மக்கள் வேறு, இவர் வேறு. இவர்தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களும் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் இம்மலையின் விளைபொருள்கள்.

மலைமேல் செம்மேடு என்னும் ஊரில் பேருந்து நின்றது. அங்கே தோரணங்கள் ஆடின. மக்கள் திரள் கடல்போல் ஒலித்தது. ஆடிப் பதினெட்டையொட்டி அரசு அவ்வூரில் வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் அவ்விழாவின் சிறப்புகள். ஓரியின் சிலையைக் கண்ட சிறுவன், "இவர் யார்?" என்று வினவினான்.

அவன் தந்தை விடை கூறத் தொடங்கித் தடுமாறினார். பள்ளியில் படித்தது பாதி மறந்திருந்தது. சற்றுத் தொலைவில் நின்ற தம்பி சிறுவனை அருகழைத்துச் சொன்னார்: "இவர் இம்மலையை ஆண்ட மன்னர். கடையெழு வள்ளல்களுள் ஒருவர். இவர் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து விலங்குகளை ஊடுருவிச் சென்றது என்று வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்."

"அதற்காகவா சிலை வைத்தார்கள்?"

"வில்லாற்றல் மட்டும் காரணமன்று. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்திற்கு அவர் ஊனும் பொன்னும் கொடுத்து அனுப்பினார். வழிப்போக்கரையும் உறவினராகக் கண்டார், அதனால்தான் மறக்கவில்லை."

மூத்தவர் அதனைக் கேட்டுக்கொண்டு நின்றார். தம் மகனுக்குத் தாம் சொல்ல வேண்டியதையும் தம்பியே சொல்ல நேர்ந்ததை அவர் எண்ணினார் போலும், தலை குனிந்தார்.

செம்மேட்டிலிருந்து வேறொரு பேருந்தில் பெரியகோவிலூரை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அறப்பளீசுரர் கோயில் பழம்பெருமை வாய்ந்தது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தம் தேவாரப் பாடல்களில் இவ்வூரைக் குறித்துள்ளனர். தனிப்பதிகம் இல்லாமையால் இதனை வைப்புத்தலம் என்பர். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை விளித்துப் பாடப்பெற்றதே. அம்மைக்கு அறம்வளர்த்த நாயகி என்பது திருப்பெயர்.

கோயிலை அடுத்து ஐயாறு ஓடுகின்றது. நீரில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அவற்றை எவரும் பிடிப்பதில்லை. வழிபட வருவோர் முதலில் மீன்களுக்கு உணவிட்டு, அதன்பின்னரே கோயிலுக்குள் செல்வர்.

"இவற்றை ஏன் பிடிப்பதில்லை, அப்பாயி?" என்றான் சிறுவன்.

அன்னை படியில் அமர்ந்து அத்தலத்துக் கதையைச் சொன்னார்: "முன்னொரு காலத்தில் ஒருவர் இந்த ஆற்றில் மீன் பிடித்தாராம். அறுத்து, துண்டாக்கி, அடுப்பிலும் ஏற்றிவிட்டாராம். கொதிக்கிற குழம்பிலே துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, முழு மீனாகித் துள்ளி, ஆற்றில் போய் விழுந்ததாம். அறுத்த மீனைப் பொருத்தியவர் இந்தச் சாமி. அன்றிலிருந்து இங்கே மீன் பிடிப்பதில்லை."

சிறுவன் சற்றே சிந்தித்தான். "பொருந்திய மீனுக்கு வெட்டுத் தழும்பு இருந்திருக்குமா?"

அன்னை இக்கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் நீரையே நோக்கியிருந்தார். பிறகு, "இருந்திருக்கும், அப்பா. அறுத்தது அறுத்ததுதானே! ஆனால் நீந்துவதற்குத் தழும்பு தடையா என்ன?" என்றார்.

பக்கத்தில் இரு புதல்வரும் நின்றிருந்தனர். ஒருவரும் பேசவில்லை. தம்பியின் மடியில் பொரி இருந்தது. அவர் இரண்டு கை பொரியை அள்ளிச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் கொடுத்தார். "உங்கள் தாத்தா ஆண்டுதோறும் இந்தப் படியில் நின்றுதான் பொரி இடுவார். நீங்களும் இங்கேயே நின்று இடுங்கள்" என்றார். குழந்தைகள் பொரியைத் தூவினர். நீர் கலங்கி, மீன்கள் துள்ளின.

தம்பி மீண்டும் ஒரு கை பொரி அள்ளினார். அண்ணனை நோக்கிக் கையை நீட்டினார்.

"அண்ணா, நீங்களும் இடுங்கள்."

நெடுநாளைக்குப் பின் அவர் கூறிய முதற்சொல் அது. மூத்தவர் இரு கைகளையும் ஏந்தி அதனை வாங்கினார். "நான் அப்போதே வந்திருக்க வேண்டும், தம்பி. வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்" என்றார். தம்பி மறுமொழி கூறவில்லை. ஆயின் அவ்விடத்தை விட்டு நீங்கவும் இல்லை. பொரி தீரும்வரை இருவரும் தந்தை நின்ற படியிலேயே நின்றனர்.

வழிபாடு முடிந்தபின் ஆகாயகங்கை அருவியைக் காண வேண்டும் என்று குழந்தைகள் வற்புறுத்தினர். ஐயாறே கோயிலைக் கடந்து சென்று பாறை விளிம்பிலிருந்து அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகின்றது. அருவியின் அடியை அடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அன்னையால் அது இயலாது. மருமகள்மார் இருவரும் துணையிருக்க அவர் மேலே மரநிழலில் தங்கினார். புதல்வர் இருவரும் குழந்தைகளுடன் இறங்கினர்.

அருவிச் சாரலில் நால்வரும் நனைந்தனர். இறங்குவது எளிது, ஏறுவதே அரிது. நகர வாழ்க்கையில் பழகிய மூத்தவர் நடுவழியில் மூச்சு வாங்கி அமர்ந்தார். தம்பியும் அவரருகே அமர்ந்தார். அவர்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். தந்தையின் கடைசி நாள்களைப் பற்றியே பேச்சு இருந்ததென்று சிறுவன் பின்னர்ச் சொன்னான். அவர் என்ன உண்டார், யார் பெயரைச் சொன்னார், எந்நேரத்தில் கண் மூடினார் என்று ஒன்றொன்றாக மூத்தவர் கேட்டார்; ஒன்றையும் விடாமல் இளையவர் சொன்னார்.

பொழுது சாயும் வேளையில் அன்னை படிவாயிலை நோக்கியபடி அமர்ந்திருந்தார். முதலில் சிறுவன் ஓடி வந்தான். அவன் பின்னே, சிறுமியைத் தோளில் சுமந்த இளையவர் வந்தார். அவருடைய மற்றொரு கையைப் பற்றியவாறு மூத்தவர் ஏறி வந்தார். அன்னை எதுவும் வினவவில்லை. கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து இலைகளை வரிசையாக இட்டார். வழக்கம்போல் மூத்தவருக்கு முதலில் பரிமாறினார்.

உறவு அறுபடுவதற்குப் பெருங்குற்றம் வேண்டுவதில்லை. சொல்லப்படாத ஒரு நாணமும் கேட்கப்படாத ஒரு கேள்வியும் போதும். கடல் கடந்து வாழ்வோரும் ஊரில் தங்கி வாழ்வோரும் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வாறு அறுபட்ட குடும்பங்கள் பல. அவர்களை ஓரிடத்தில் கூட்டி, ஒரே படியில் நிற்கச் செய்வது திருவிழாவின் பயன். அங்கே நின்றபின் வாய்திறந்து பேசுவது மக்கள் தாமே செய்ய வேண்டியது.

அன்றிரவு பேருந்து வளைவுகளில் இறங்கியது. சிறுவன் மீண்டும் எண்ணத் தொடங்கினான்; இம்முறை எழுபதிலிருந்து ஒன்று நோக்கி. நாற்பதைக் கடக்குமுன் அவன் உறங்கிவிட்டான். அவன் தலை சிற்றப்பாவின் தோளில் சாய்ந்திருந்தது.