கோர்வை

கோர்வைச் சேலையில் கரையின் அழகைக் காண்பவர் பலர். உடலின் நிறத்தை வியப்பவர் பலர். இரண்டும் கூடும் இடத்தை உற்று நோக்குபவர் சிலரே. சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்குழியின் ஓரத்திலேயே வளர்ந்த நான் அந்தப் பாடத்தைக் கற்றதோ, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கணிப்பொறி அறையில்!

கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. நெசவாளி ஒருவரால் மட்டும் ஆகிற காரியமன்று. பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வீச மற்றொருவர் தேவை. பள்ளி விடுமுறைகளில் அந்த மற்றொருவன் நான். ஒருநாள் என் கவனம் சிதறியது. கரையும் உடலும் கோத்துக்கொள்ளாமல் இடைவெளி விழுந்துவிட்டது.

"நான் சரியாத்தாம்பா போட்டேன்" என்றேன்.

"நானுந்தாண்டா சரியாப் போட்டேன். ரெண்டும் சேர்ந்துச்சான்னு பார்த்தியா?" என்றார் அப்பா. பிறகு ஒன்றும் பேசாமல், நெய்ததில் நான்கு விரற்கடையைப் பிரித்தார்.

காலம் ஓடியது. ஒரு நிறுவனத்தில் தரவுச் சேமிப்பைக் கவனிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே 'செஃப்' என்னும் மென்பொருள். சாண்டா குரூஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் உருவாக்கியது; 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பல கணிப்பொறிகளின் வட்டுகளை இணைத்து ஒரே களஞ்சியமாக்கும். ஒவ்வொரு தரவையும் வழக்கமாக மூன்று படிகளாக வெவ்வேறு கணிப்பொறிகளில் வைக்கும். மூன்றும் எழுதப்பட்ட பிறகே 'முடிந்தது' என்று சொல்லும். ஆகவே அவற்றை இணைக்கும் ஸ்விட்சுதான் அதன் உயிர்நாடி.

புதிய ஸ்விட்சுகளை இணைத்த இரவில் களஞ்சியம் நின்றுவிட்டது. படிகள் பத்திரமாக இருந்தும், புதிதாக ஓர் எழுத்தையும் எழுத முடியவில்லை. 'பிங்' அனுப்பினால் எல்லாக் கணிப்பொறிகளும் பதில் தந்தன. "எங்கள் பக்கம் சரி" என்றேன். "எங்கள் பக்கமும் சரியே" என்றனர் வலையமைப்புப் பிரிவினர். வாக்குவாதத்திலேயே நள்ளிரவு கடந்தது.

அப்போதுதான் அப்பாவின் குரல் நினைவில் எழுந்தது. வெட்கத்துடன் எழுந்து சென்று, அந்தப் பிரிவு நண்பரின் அருகில் அமர்ந்தேன். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையுடன் ஒரு பெரிய பொட்டலத்தை அனுப்பிப் பார்த்தோம். அது போய்ச் சேரவில்லை! எங்கள் கணிப்பொறிகள் 9000 பைட் வரையுள்ள பொட்டலங்களை அனுப்பின. ஒரு ஸ்விட்சோ 1500-லேயே நின்றிருந்தது. சிறியவை கடந்தன, பெரியவை சத்தமின்றிக் கைவிடப்பட்டன. இத்தகைய ஸ்விட்சில் ஒவ்வொரு வாயிலையும் நம் விருப்பப்படி அமைக்கலாம். அதன் சிறப்பும் அதுவே, ஆபத்தும் அதுவே. ஓர் எண்ணை மாற்றினோம், களஞ்சியம் மூச்சுவிட்டது.

மறுவாரம் ஊருக்குச் சென்று அப்பாவிடம் சொன்னேன். "பிரிக்க வேண்டியது கொஞ்சந்தானே? பரவாயில்ல" என்றார்.

நண்பர்களே, "என் பக்கம் சரி" என்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அடுத்தவர் அருகில் போய் அமர்வது.