ஸ்டிக்கர் கடைக்குப் பிரின்டர் வாங்க முன்

கத்தாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு வந்த தம்பி அக்கரைப்பற்றில் ஸ்டிக்கர் கடை போடுவதென்று முடிவெடுத்த நாளிலிருந்து, எந்தப் பிரின்டர் வாங்குவது என்ற கதைதான் எங்கள் வீட்டில். வட்டிக்கு எடுப்பதில்லை என்பதால் லீசிங் பேச்சுக்கே இடமில்லை. கையிலிருந்த காசு ஒரு பெரிய மெஷினுக்குத்தான் காணும். அது படுத்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. இதே யோசனையில் இருக்கும் தம்பிமார் பலர் கேட்பதால், நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று எழுதுகிறோம்.

கேள்வியை முழுதாக வாசித்துவிட்டு விடை எழுது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம் அல்லவா? அதைத்தான் செய்தோம். ஒரு சீஆர் கொப்பி எடுத்து, கடை திறக்க முன்பே ஒரு மாதம், ஊரில் யாருக்கு என்ன ஸ்டிக்கர் தேவை என்று கேட்டு எழுதினோம். ஓட்டோவின் பின்கண்ணாடியில் பிள்ளையின் பெயர், ஃபைபர் போட்டின் இலக்கம், பாடசாலை வேனுக்கு எழுத்து, அச்சாறு போத்தலுக்கும் கேக் பெட்டிக்கும் லேபல், கடைக்காரர்களுக்குப் படத்தோடு விளம்பரம்.

கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒற்றை நிற எழுத்து வேலை. அதற்குப் பிரின்டரே தேவையில்லை! நிற வினைல் ரோலை வாங்கி, கட்டிங் ப்ளொட்டரில் வெட்டி ஒட்டினால் போதும். நிறம் ஷீட்டிலேயே கலந்திருப்பதால் அச்சடித்ததைவிட அதிக காலம் வெயிலைத் தாங்கும்.

மிச்ச வேலையை இரண்டாகப் பிரித்தோம்: நிழலில் இருப்பது, வெயிலில் கிடப்பது.

நிழலுக்கு, மேசையில் வைக்கும் டாங்கிப் பிரின்டர் காணும். பார்க்க வேண்டியது மையைத்தான். டை மை என்பது கரைந்த சாயம். பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் மை நுண்துகள், நின்று பிடிக்கும். இரண்டுக்கும் மேலே லெமினேஷன் வேண்டும். லேசர் பிரின்டரில் சாதாரண வினைலைப் போடாதீர்கள். உள்ளேயுள்ள சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

வெயிலுக்கு ஏற்றது இகோ சொல்வென்ட். இந்த மை வினைலின் மேற்பரப்பை மெல்ல இளக்கி அதிலேயே பிடித்துக்கொள்ளும். ரோலண்ட் பிஎன்-20 போன்ற 20 அங்குல மெஷின் அச்சடித்து, ஓரத்தையும் தானே வெட்டித் தரும். ஆனால் விலையும் பராமரிப்பும் வேறு மட்டம். ஓடாமல் கிடந்தால் ஹெட் அடைக்கும், ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மை போகும். அச்சடித்த கையோடு லெமினேட் பண்ணவும் முடியாது, ஒரு நாளாவது காய விட வேண்டும்.

சொல்லை மட்டும் நம்பாமல், ஒரே படத்தை மூன்று மையிலும் வெளியில் அச்சடித்து, லெமினேட் செய்து, மச்சானின் ஓட்டோ ஹூட்டில் ஒட்டினோம். இரண்டு மாதத்தில் டை மையின் சிவப்பு ரோஸ் நிறமாகிவிட்டது. மற்ற இரண்டும் நின்றன.

பிறகு கொழும்பில் விற்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்டோம். ஹெட் பழுதானால் அக்கரைப்பற்றுக்கு ஆள் வருமா? புது ஹெட் இப்போது கையிருப்பில் இருக்கிறதா, என்ன விலை? ஒரு செட் மை என்ன விலை? ஒருவர் "பஸ்ஸில் போட்டு அனுப்புங்க, பார்க்கலாம்" என்றார். 2022இல் டொலர் இல்லாமல் சாமான் வராமல் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. உதிரிப்பாகம் கைக்கெட்டாத மெஷின் எவ்வளவு நல்லதானாலும் எங்களுக்கு உதவாது.

கடைசியில் வாங்கியது ஒரு கட்டிங் ப்ளொட்டர், நான்கு நிறமும் பிக்மென்ட் மையான ஒரு டாங்கிப் பிரின்டர், ஒரு கோல்ட் லெமினேட்டர். வெயிலில் நிற்கும் பட வேலையைப் பெரிய மெஷின் உள்ள கடையில் சதுர அடிக் கணக்கில் அடித்து எடுக்கிறோம். அதில் லாபம் குறைவு, ஆனால் ஹெட் அடைக்கும் கவலை எங்களுடையதல்ல. தம்பியின் காசில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கொப்பியை இன்னும் மூடவில்லை. வெளியில் கொடுக்கும் சதுர அடிக் காசை மாதாமாதம் எழுதுகிறோம். அந்தத் தொகை, சொந்த மெஷினின் மை, ஷீட், கரண்ட், புது ஹெட்டுக்கு ஒதுக்கும் காசு எல்லாவற்றையும் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால், இன்ஷா அல்லாஹ், இகோ சொல்வென்ட் வாங்குவோம். அதுவரை அந்தக் காசில் கை வைப்பதில்லை என்பது தம்பியும் நாங்களும் பேசிய பேச்சு.